எரர் வராத தவறு

பைத்தானில் மூன்றே வரியில் ஒரு நிரல். முதல் வரி ஓர் எண்ணைக் கேட்கும், இரண்டாவது வரி இன்னோர் எண்ணைக் கேட்கும், மூன்றாவது வரி இரண்டையும் கூட்டித் திரையில் காட்டும். கட்டளைச் சொற்களை இந்த அத்தியாயம் முழுக்கத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் தட்டும்போது அவை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். மாறிகளுக்கு வேண்டுமானால் நிஜமாகவே தமிழில் பெயர் வைக்கலாம், பைத்தான் 3 அதை மறுப்பதில்லை.

அ = இன்புட்("முதல் எண்: ")
ஆ = இன்புட்("இரண்டாம் எண்: ")
பிரிண்ட்(அ + ஆ)

ரன் செய்து, 12 என்றும் 7 என்றும் கொடுத்தால் 19 வராது. 127 வரும். நிரல் பாதியில் நிற்கவில்லை, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லை. விடை மட்டும் தப்பு. பைத்தான் கற்கத் தொடங்கும் யாரும் தப்பாமல் வந்து மோதும் இடம் இது. காரணமும் எளியதுதான். விசைப்பலகையில் என்ன தட்டினாலும் இன்புட் அதை எழுத்துகளின் வரிசையாக, அதாவது ஸ்ட்ரிங்காகவே கொண்டுவந்து கொடுக்கும். '1', '2' என்ற இரண்டு எழுத்துகள் ஒரு பக்கம், '7' என்ற ஓர் எழுத்து இன்னொரு பக்கம். இரண்டு ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் ஒன்றன் வாலில் மற்றதை ஒட்டுவதுதான் அதன் வேலை. இன்புட்டைச் சுற்றி இன்ட் என்று போட்டு எண்ணாக மாற்றிக்கொண்டால் 19 வந்துவிடும். எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் இந்தத் திருத்தத்தை அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அந்த அரை நிமிடத்தில் சரியானது அந்த ஒரு வரி மட்டும்தான் என்பதே என் வாதம். அந்த வரியை எழுதவைத்த நம்பிக்கை அப்படியே இருக்கிறது: 'நான் எண்ணைத்தானே கேட்டேன், எண்ணைத்தானே தட்டினேன், கூட்டல் குறியைத்தானே போட்டேன், கணினிக்குத் தெரியாதா?' இந்த நம்பிக்கையோடு இருப்பவர் 'இன்புட் வந்தால் இன்ட் போடு' என்று மனப்பாடம் செய்துகொள்வார். அடுத்த நிரலில் பெயரைக் கேட்கும் இடத்திலும் இன்ட் போடுவார். 12.5 என்று பதில் வரக்கூடிய இடத்திலும் அதையே போட்டு, வேல்யூ எரரில் மாட்டிக்கொள்வார். தொடக்கநிலைத் தவறுகள் பலவும் பார்ப்பதற்குத்தான் வெவ்வேறு. அவற்றுக்கு அடியில் இருக்கும் தப்பான நம்பிக்கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வரியைத் திருத்துவதற்கு முன்னால் நம்பிக்கையைத் திருத்தினால், ஒரு திருத்தம் பத்துத் தவறுகளைச் சேர்த்து வாங்கிக்கொண்டு போகும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ராய் பீ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், புதிதாக நிரல் எழுதுபவர்களின் தவறுகளை மொழி வாரியாகப் பிரிக்காமல் மன வாரியாகப் பிரித்தார். எந்த நிரல்மொழியைக் கற்றாலும் அதே மாதிரித் தவறுகள் திரும்பத் திரும்ப வந்ததைக் கண்டு, அவற்றுக்கெல்லாம் தாயாக ஒரு பெருந்தவறைச் சுட்டிக்காட்டினார்: கணினிக்குள் எங்கோ ஒரு மனம் ஒளிந்திருக்கிறது, அது நாம் சொல்லாமல் விட்டதையும் புரிந்துகொள்ளும் என்ற எண்ணம். கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'கணினிக்கு மனம் உண்டா?' என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவரைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் அவர் எழுதிய நிரல் வேறு பதில் சொல்லும். மனிதர்களோடு பேசிப் பழகிய நமக்கு, கேட்பவர் கொஞ்சம் இட்டு நிரப்பிக்கொள்வார் என்ற எதிர்பார்ப்பு மூச்சு விடுவதுபோல் இயல்பாகிவிட்டது. பேச்சு நடப்பதே அதனால்தான். இட்டு நிரப்பிக்கொள்ளாத ஒன்றோடு பேசுவது நமக்குப் பழக்கமே இல்லை.

பீ பிரித்துக் காட்டிய வகைகளில் ஒன்று எனக்கு மிகவும் சுவையானதாகப் படுகிறது. நிரலின் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்கின்றன என்று நினைப்பது அது. 'மொத்தம் = விலை * எண்ணிக்கை' என்று மேலே எழுதிவிட்டு, கீழே எண்ணிக்கையை 5 என்று மாற்றி, மொத்தத்தை அச்சிட்டால் பழைய மொத்தமே வரும். எழுதியவருக்கு நம்ப முடியவில்லை. மொத்தம் என்பது விலையும் எண்ணிக்கையும் பெருக்கியது என்று தெளிவாக எழுதியிருக்கிறதே! அவர் எழுதியது ஓர் உண்மைக் கூற்று என்று அவர் நினைக்கிறார். பைத்தானுக்கு அது ஒரு முறை செய்து முடிக்க வேண்டிய வேலை. வலப்பக்கத்தைக் கணக்கிட்டது, வந்த எண்ணுக்கு மொத்தம் என்று பெயரிட்டது, அந்த வரியை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. இந்தத் தவறைச் செய்பவர்களை மந்தமானவர்கள் என்று தள்ளிவிட முடியாது. எக்செல் தாளில் இதே சூத்திரத்தை எழுதினால், எண்ணிக்கை மாறிய கணத்திலேயே மொத்தமும் மாறும். கணித வகுப்பிலும் சமன்பாடு அப்படித்தான், எப்போதும் உண்மை. ஆக அவருடைய நம்பிக்கைக்கு இரண்டு இடங்களில் ஆதாரம் உண்டு. மூன்றாவது இடத்தில் அது செல்லாது என்பதை யாராவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், பெரும்பாலான பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

இனி ஒளிந்திருக்கும் மனம் நேரடியாகவே தலைகாட்டும் ஒரு வரி:

இஃப் நாள் == "சனி" ஆர் "ஞாயிறு":
    பிரிண்ட்("விடுமுறை")

'நாள் சனி அல்லது ஞாயிறு என்றால் விடுமுறை' என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. நிரலில் திங்கட்கிழமையும் விடுமுறை, செவ்வாயும் விடுமுறை, ஏழு நாளும் விடுமுறைதான். ஏன் என்று பார்க்க, அந்த வரியைப் பைத்தானின் கண்ணால் படிக்க வேண்டும். ஆர் என்ற சொல்லுக்கு இரு பக்கமும் தனித்தனிக் கேள்விகள் நிற்பதாகவே அது எடுத்துக்கொள்கிறது. இடப்பக்கக் கேள்வி: நாள் சனியா? திங்களென்றால் இல்லை. சரி, வலப்பக்கம் போவோம். அங்கே கேள்வி எதுவுமில்லை, "ஞாயிறு" என்ற ஸ்ட்ரிங் மட்டும் சும்மா நிற்கிறது. கேள்வி கேட்கும் இடத்தில் ஒரு ஸ்ட்ரிங் நின்றால் பைத்தானின் விதி ஒன்றுதான்: அது காலியாக இருந்தால் பொய், ஓர் எழுத்தாவது இருந்தால் மெய். "ஞாயிறு" காலியில்லை. ஆகவே மெய். எல்லா நாளும் மெய். 'நாள் == "சனி" ஆர் நாள் == "ஞாயிறு"' என்று இரண்டு கேள்விகளையும் முழுசாகக் கேட்பதுதான் திருத்தம். இதே விதியைத் தெரிந்துகொண்டவருக்கு இன்னொரு புதிரும் அவிழும். பயனர் 0 என்று தட்டினால் நிற்க வேண்டும் என்று நினைத்து, இன்புட் தந்ததை அப்படியே இஃப்பில் வைத்தவரின் நிரல் நிற்பதில்லை. வந்தது பூஜ்யம் என்ற எண்ணாக இருந்திருந்தால் அது பொய். "0" என்ற ஓரெழுத்து ஸ்ட்ரிங் மெய்.

மாறி என்றால் என்ன என்பதற்குச் சொல்லித்தரப்படும் உவமையே சில தவறுகளுக்கு விதை போடுகிறது. 'மாறி என்பது ஒரு டப்பா, அதற்குள் மதிப்பைப் போட்டு வைக்கிறோம்' என்று பல வகுப்புகளில் சொல்கிறார்கள். எண்களோடு இருக்கும்வரை இந்த டப்பா உடையாது. 'அ = 5' என்று எழுதி, 'ஆ = அ' என்று எழுதி, பிறகு 'ஆ = 6' என்று மாற்றினால் அ-வில் 5 அப்படியே இருக்கும். இரண்டு டப்பா, இரண்டு மதிப்பு. அடுத்து லிஸ்ட் பாடம் வருகிறது. 'அ = [1, 2, 3]' என்கிறோம், 'ஆ = அ' என்கிறோம், ஆ-வின் கடைசியில் அப்பெண்ட் மூலம் 4-ஐச் சேர்க்கிறோம். இப்போது அ-வை அச்சிட்டால் [1, 2, 3, 4]. தொடாத டப்பாவுக்குள் பொருள் எப்படி வந்தது? டப்பா என்ற நினைப்பை விடாமல் இதற்கு விளக்கம் சொல்லவே முடியாது. பைத்தானில் பெயர் வேறு, பொருள் வேறு. சமக்குறி ஒரு பொருளின்மேல் ஒரு பெயரை ஒட்டுகிறது; 'ஆ = அ' என்பது ஏற்கெனவே பெயருள்ள அதே லிஸ்ட்டுக்கு இரண்டாவது பெயர் சூட்டியதே தவிர வேறில்லை. ஒருவரை வீட்டில் ஒரு பெயரிலும் அலுவலகத்தில் ஒரு பெயரிலும் கூப்பிட்டாலும் ஆள் ஒருவர்தான். எண் உதாரணத்தில் 'ஆ = 6' என்பது பெயரைப் பிடுங்கி வேறு பொருளில் ஒட்டியது; லிஸ்ட் உதாரணத்தில் அப்பெண்ட் பொருளையே மாற்றியது. வித்தியாசம் எண்ணுக்கும் லிஸ்ட்டுக்கும் நடுவே இல்லை, பெயரை இடம் மாற்றுவதற்கும் பொருளை மாற்றுவதற்கும் நடுவே இருக்கிறது. தனிப் பிரதி வேண்டுமென்றால் அ.காப்பி() என்று கேட்டு வாங்க வேண்டும். பிலிப் குவோ 2010-இல் உருவாக்கிய பைத்தான் டியூட்டர் என்ற கருவி, பெயரிலிருந்து பொருளுக்கு அம்புக்குறி போட்டு இதை வரி வரியாகக் காட்டும். நான்கு வரி நிரலை அதில் ஓட்டி, இரண்டு பெயர்களிலிருந்தும் அம்பு ஒரே லிஸ்ட்டுக்குப் போவதைப் பார்த்தால் பிறகு டப்பாவுக்கு வேலையிருக்காது.

பெயர் வேறு பொருள் வேறு என்பது பிடிபட்டால், தனித்தனி வியாதிகளாகத் தெரிந்த சில ஒரே மருந்தில் குணமாகும். 'பெயர்.அப்பர்()' என்று எழுதியும் பெயர் பெரிய எழுத்தாக மாறவில்லையா? ஸ்ட்ரிங்கைப் பைத்தானில் மாற்ற முடியாது. அப்பர் ஒரு புதுப் பொருளைத் தருகிறது, அதற்கு நீங்கள் பெயர் ஒட்டவில்லை. 'அ = அ.சார்ட்()' என்றதும் லிஸ்ட்டே காணாமல் போய் நன் என்று வருகிறதா? சார்ட் அதே லிஸ்ட்டை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்திவிட்டு, திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை என்கிறது. நீங்கள் அந்த 'ஒன்றுமில்லை'யில் அ என்ற பெயரை ஒட்டிவிட்டீர்கள். இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. புதுப் பிரதி எதுவும் உருவாகவில்லை, பழையதுதான் மாறியிருக்கிறது என்று நினைவூட்டவே சார்ட் எதையும் திருப்பித் தருவதில்லை என்று பைத்தானின் அதிகாரப்பூர்வ ஆவணமே சொல்கிறது. ஃபங்ஷனுக்குள் விடையைப் பிரிண்ட் செய்துவிட்டு ரிட்டர்ன் எழுதாமல் விடுபவர்களுக்கும் இதே நன்தான் கிடைக்கும். திரையில் தெரிந்த எண்ணைக் கணினியும் 'பார்த்திருக்கும்' என்று அவர்கள் எண்ணுகிறார்கள். திரை மனிதருக்கு, ரிட்டர்ன் நிரலுக்கு.

லிஸ்ட்டில் ஓடிக்கொண்டே அதிலிருந்து நீக்குவது இன்னொரு தவறு. [2, 4, 6, 8] என்ற லிஸ்ட்டை லூப்பில் எடுத்து, இரட்டை எண்ணாக இருந்தால் நீக்கு என்கிறோம். நாலும் இரட்டை, காலி லிஸ்ட் மிஞ்ச வேண்டும். மிஞ்சுவதோ [4, 8]. லூப் வைத்திருப்பது எண்ணை அல்ல, இடத்தை. முதல் இடத்தில் 2, நீக்கியாயிற்று. உடனே 4 முதல் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. லூப் இரண்டாம் இடத்துக்குப் போகிறது, அங்கே இப்போது 6. அதையும் நீக்கியதும் 8 இரண்டாம் இடத்துக்கு வருகிறது, லூப் மூன்றாம் இடத்தைத் தேடுகிறது, அப்படி ஓர் இடமே இல்லை. ஒரு தாளில் ஒவ்வொரு சுற்றிலும் லிஸ்ட் எப்படி இருக்கிறது என்று எழுதிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிற சங்கதி. எழுதிப் பார்க்காமல் எத்தனை மணி நேரம் முறைத்தாலும் விளங்காது.

தாளில் எழுதிப் பார்ப்பதைப் பற்றிச் சொல்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் முதலாண்டு நிரலாக்கப் பாடம் முடித்த 216 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தது. 110 மதிப்பெண்ணுக்குச் சராசரி 22.89. பாடம் நடத்தியவர்கள் எதிர்பார்த்ததைவிட வெகு கீழே. சிக்கலைத் தீர்க்கும் திறமை மாணவர்களுக்கு இல்லையோ என்று அப்போது பேச்சு எழுந்தது. 2004-இல் ரேமண்ட் லிஸ்டரும் அவரது கூட்டாளிகளும் ஏழு நாடுகளில் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார்கள். புது நிரல் எதையும் எழுதச் சொல்லவில்லை. எழுதி வைத்த சிறு நிரலைக் கொடுத்து, இது ஓடினால் என்ன வரும் என்று பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதிலேயே நிறைய மாணவர்கள் தடுமாறினார்கள். வினாத்தாளின் ஓரத்தில் ஒவ்வொரு மாறியின் மதிப்பும் எப்படி மாறுகிறது என்று கிறுக்கி வைத்தவர்கள் சரியான விடைக்கு வர வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இந்தச் சோதனைகள் பைத்தானில் நடந்தவை அல்ல, அன்றைய வகுப்புகளில் ஜாவா, சி++ மாதிரியான மொழிகள்தான். ஆனால் பீ சொன்னது சரியென்றால் மொழி இங்கே பொருட்டில்லை. எழுதத் தெரியாதது பலருக்கு இரண்டாவது பிரச்சினை. எழுதியிருப்பதைக் கணினி எப்படிப் படிக்கும் என்று தெரியாததே முதல் பிரச்சினை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. குற்றம் கற்பவரிடம் இல்லை, மொழியிடம். நம்பிக்கையைத் திருத்து, மனத்தைத் திருத்து என்று மாணவரைப் பிடித்து உலுக்குவதைவிட மொழியைத் திருத்துவதுதான் நியாயம். இதில் உண்மை இருக்கிறது. 2011-இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக்கும் சகாக்களும் செய்த சோதனையில், பெர்ல் மொழியைப் பயன்படுத்திய புதியவர்களின் துல்லியம், குறியீடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுத்து உருவாக்கிய ஒரு போலி மொழியைப் பயன்படுத்தியவர்களைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. மொழியை வடிவமைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சூடு கிடையாது. பைத்தானின் முன்னோடியான ஏபிசி மொழியை ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கியவர்கள், ஆட்களை வைத்துச் சோதித்தே சில முடிவுகளை எடுத்தார்கள். இஃப் வரியின் கடைசியில் வரும் முக்காற்புள்ளி அங்கிருந்து வந்ததுதான், படிக்க எளிதாக இருக்கிறது என்பதற்காக. அந்த முக்காற்புள்ளியை மறப்பதே இன்று புதியவர்களின் வாடிக்கையான தவறு என்பது வேடிக்கை.

பைத்தானும் சும்மா இருந்துவிடவில்லை. பல வருடங்கள் அது பெரும்பாலான தொடரியல் தவறுகளுக்கு 'இன்வேலிட் சின்டாக்ஸ்' என்ற ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் எரர் அடுத்த வரியைக் காட்டும். புதியவர் சரியாக இருக்கிற அடுத்த வரியைத் திருத்தித் திருத்திக் கெடுப்பார். 2020-இல் வந்த 3.9 பதிப்பு நிரலைப் பகுத்துப் படிக்கும் உள் எந்திரத்தையே மாற்றியது. அதன் பலனாக 2021-இல் வந்த 3.10, அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று திறந்த இடத்தையே சுட்டிக் காட்டுகிறது. இஃப்பில் ஒற்றைச் சமக்குறி போட்டால், இரட்டைச் சமக்குறியைத்தான் நினைத்தீர்களோ என்று கேட்கிறது. பிரிண்ட்டை எழுத்து மாற்றித் தட்டினால் சரியான சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே எரர் செய்தியைப் படிக்காமல் மூடிவிட்டு வேறெங்கோ தேடுவது முன்பாவது மன்னிக்கக்கூடியதாக இருந்தது, இப்போது இல்லை. செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும், பிறகு வரி எண்ணைப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த நிரலை ஒட்டியதும் எரர் வந்தால், மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கிறதா என்பதையும். அந்தக் குறியை யூனிகோட் எண்ணோடு செய்தியே காட்டிவிடும்.

ஆனால் மொழியை எவ்வளவு திருத்தினாலும் ஓர் எல்லை உண்டு என்பதற்குப் பைத்தானின் சொந்த வரலாறே சாட்சி. முதலில் பார்த்த கூட்டல் நிரலை முழுக்க ஆங்கில எழுத்தில் எழுதினால் பைத்தான் 2-இல் அது 19 என்றே விடை சொல்லும்! அங்கே இன்புட், தட்டியதைப் பைத்தான் கோவையாகவே எடுத்துக் கணக்கிட்டுவிடும். 12 என்றால் எண், அவ்வளவுதான். கற்பவருக்கு எவ்வளவு இதம்! சிக்கல் என்னவென்றால், பயனர் எண்ணுக்குப் பதில் ஒரு கட்டளையைத் தட்டினால் அதையும் செய்துவிடும். கோப்புகளை அழிக்கும் கட்டளையாக இருந்தாலும். 2008-இல் வந்த பைத்தான் 3 இந்த இதத்தை வேண்டாமென்று தூக்கி எறிந்தது. எது வந்தாலும் ஸ்ட்ரிங், எண்ணாக்குவது உன் பொறுப்பு என்றது. நம் மனத்தைப் படிக்க முயன்ற மொழி, வேற்றாள் மனத்தையும் அதே விசுவாசத்தோடு படித்தது. கணினி இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும் என்ற ஆசைக்கு விலை இதுதான். ரேஞ்ச்(1, 10) என்பது 9-இலேயே நின்றுவிடுவதும், அதனால் ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டினால் 55-க்குப் பதில் 45 வருவதும் இதே ரகம்: புதியவருக்குத் தொல்லை, ஆனால் காரணத்தோடு வைத்த தொல்லை. கடைசி எண்ணை விட்டுவிட்டால் இரண்டு எல்லைகளின் வித்தியாசமே மொத்த எண்ணிக்கை, ஒரு வீச்சு முடியும் எண்ணிலேயே அடுத்தது தொடங்கும் என்று எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1982-இல் ஒரு குறிப்பில் வாதாடியிருக்கிறார்.

இரண்டாவது மறுப்பு இந்தக் காலத்துக்கு உரியது. எரர் வந்தால் செயற்கை நுண்ணறிவிடம் ஒட்டினால் போதும், திருத்திக் கொடுத்துவிடும். நம்பிக்கையாவது, தாளில் எழுதிப் பார்ப்பதாவது! எரர் வந்தால் என்ற வரைக்கும் இதை நான் மறுக்கவில்லை. எரர் வராத தவறை என்ன செய்வது? ஒரு வகுப்பின் மதிப்பெண்களை இன்புட்டில் வாங்கி, லிஸ்ட்டில் சேர்த்து, மேக்ஸ் போட்டு முதல் மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்கும் நிரல். இன்ட் போடவில்லை. "45", "78", "92" என்று கொடுத்தால் 92 என்று சரியாகச் சொல்கிறது. முப்பது பேர் மதிப்பெண்ணும் 10-க்கும் 99-க்கும் நடுவில் இருக்கும்வரை, எத்தனை முறை ஓட்டினாலும் விடை சரி. அடுத்த தேர்வில் ஒருவர் சென்டம் வாங்குகிறார். முதல் மதிப்பெண் அப்போதும் 92. ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும்போது அகராதி வரிசைதான், முதல் எழுத்தில் தொடங்கும். '9' என்பது '1'-ஐவிடப் பெரிது, மீதி எழுத்துகளைப் பார்க்கவே தேவையில்லை. யாராவது 9 மதிப்பெண் வாங்கியிருந்தாலும், 90 முதல் 99 வரை யாரும் வாங்காத வகுப்பில் அவர்தான் முதல் மாணவர். இந்த நிரலில் தப்பு இருக்கிறது என்று சந்தேகிக்கத் தெரிந்தவரே அதை எந்தக் கருவியிடமும் கேட்க முடியும். சந்தேகம் எங்கிருந்து வரும்? ரன் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், 100-ஐச் சேர்த்தால் என்ன வர வேண்டும் என்று விடையைச் சொல்லி வைத்துவிட்டு அழுத்துவதிலிருந்து வரும். சொன்னதும் வந்ததும் ஒத்துப்போகாத இடத்தில்தான் தப்பான நம்பிக்கை பிடிபடும். சொல்லாமல் அழுத்துபவருக்கு எந்த விடையும் சரியான விடையாகவே தெரியும்.

மூன்றாவதாக, அனுபவம் தானாகவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும், இதற்கெல்லாம் ஓர் அத்தியாயம் எதற்கு என்று கேட்கலாம். அனுபவசாலிகளும் தடுக்கி விழும் இடம் ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. ஒரு சொல் முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிக்கப்படுகிறதா என்று சோதிக்கும் நிரல் எல்லா வகுப்பிலும் வரும் பயிற்சி: ஸ்ட்ரிங்கைத் தலைகீழாக்கு, பழையதோடு ஒப்பிடு, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'லெவல்', 'மேடம்' எல்லாம் தேறிவிடும். "விகடகவி" என்று கொடுங்கள். இல்லை என்று சொல்லும். லென் போட்டுப் பார்த்தால் ஐந்தெழுத்துச் சொல்லுக்கு 7 என்று வரும். பைத்தானுக்கு ஸ்ட்ரிங் என்பது யூனிகோட் குறியீடுகளின் வரிசை. அதில் 'வி' ஓர் எழுத்தல்ல, வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. தலைகீழாக்கும்போது இகரக் குறி முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் நிற்கிறது. எழுத்து என்று நாம் நினைத்ததும் அது நினைத்ததும் வேறு. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கும் அதன் கணக்கில் நீளம் 5, புள்ளியும் தனிக் குறியீடு என்பதால். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் சொல்லை நம் எழுத்துகளாகவே பிரித்து லிஸ்ட்டாகத் தரும் ஃபங்ஷன் இருக்கிறது. அதில் கொடுத்தால் வி, க, ட, க, வி என்று ஐந்தாக வரும். அந்த லிஸ்ட்டைத் தலைகீழாக்கி ஒப்பிட்டால் விகடகவி தேறிவிடுகிறார்.